ஒரு மத்தியானத்துக்கு மட்டும்

கூடியிருந்தவர்கள் நான்கு பேர். குடியிருப்போர் சங்கத் தலைவி; அவள் வீட்டில்தான் கூட்டம். அவளுடைய கணவர், போன தேர்தல் வரை அவரே தலைவர், மறுபடி நிற்க விதி இடம் கொடுக்காததால் மனைவியை நிற்க வைத்தவர். அவர் தம்பி, பொருளாளர். இரண்டாம் மாடிப் பல் டாக்டர், செயலாளர். ஐந்தாவதாக ஒருத்தி வாசலுக்கு வெளியே, கழற்றிப் போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றாள். அவளை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

மேல்மாடியில் குடியிருப்பவள். லாண்டரியில் வேலை. அவள் புருஷன் அன்று காலை ஆஸ்பத்திரியில் செத்துப்போயிருந்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் உடம்பு வண்டியில் வந்துவிடும். மேல்மாடிப் படிக்கட்டு ஸ்ட்ரெச்சர் திரும்ப முடியாத அளவுக்குக் குறுகல். இந்தக் கட்டடத்தில் யார் செத்தாலும் கீழே பொதுக்கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டுக் கிடத்துவார்கள்; பார்க்க வேண்டியவர்கள் பார்த்தபின் எடுப்பார்கள். அதைத்தான் அவளும் கேட்டாள். ஒரு மத்தியானத்துக்கு மட்டும். கூடம் கிடைக்காவிட்டால் வாசலில்கூட இறக்காமல் வண்டி நேரே இடுகாட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவர்கள் வேறு ஊர்க்காரர்கள், வேறு பாஷை, வேறு சாமி. மேல்மாடி முழுக்க அப்படிப்பட்ட குடும்பங்கள்தான். அவர்கள் கூடம் கேட்டால் இல்லை என்று சொல்வது சங்கத்தின் வழக்கமில்லை. பெயின்ட் வேலை நடக்கிறது என்று சொல்வதுதான் வழக்கம். பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கேட்டபோதும் பெயின்ட், நிச்சயத்துக்குக் கேட்டபோதும் பெயின்ட். அந்தக் கூடத்துச் சுவரைக் கையால் தடவினால் சுண்ணாம்பு உதிரும்.

பல் டாக்டர் இந்தத் தடவையும் அதையே சொல்லிவிடலாம் என்றார்.

கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. சாவு விஷயத்தில் பொய் வேண்டாம் என்றார். அவரிடம் பொய்யைவிட மரியாதையான ஒன்று இருந்தது. மனைவி பயிற்சியிலிருந்து கொண்டுவந்த புத்தகத்தை அவர் புரட்டிப் பார்த்திருந்தார்.

அந்தப் பயிற்சிக்கு அனுப்பியதே அவர்தான். பலவகை மக்கள் சேர்ந்து வாழும் கட்டடங்களின் தலைவர்கள் மற்றவர் பண்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நகராட்சி நடத்தியது. போகாத சங்கத்துக்குத் தண்ணீர்த் தொட்டி கட்ட உதவி கிடையாது. போய் உட்கார்ந்துவிட்டு வா, வாயைத் திறக்காதே என்று சொல்லி அனுப்பினார்.

"அவங்க பண்பாடு வேற," என்றார் இப்போது. "அதை நாம மதிக்கணும். நம்ம கூடத்துல வச்சா அவங்க முறைப்படி எதையும் செய்ய முடியாது. அவங்களுக்குத்தான் சங்கடம். இதை இவ பக்குவமா எடுத்துச் சொல்லட்டும். பயிற்சி எடுத்தவ இல்லையா?"

தம்பி சிரித்தான். "ரெண்டு நாள் ஓசி டீ குடிச்சதுக்கு அண்ணிக்கு இன்னிக்குத்தான் வேலை வந்திருக்கு."

தலைவி சிரிக்கவில்லை. அங்கே நடந்ததை அவள் வீட்டில் சொன்னதில்லை. நடுவில் ஒரு நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தார்கள். சுற்றிலும் இருந்தவர்கள் அவளுக்குத் தெரியாத பாஷையில் அவளைப் பற்றிப் பேசினார்கள். கையைக் காட்டினார்கள், சிரித்தார்கள், ஏதோ முடிவுக்கு வந்ததுபோலத் தலையாட்டினார்கள். விளையாட்டு என்று தெரியும். இருந்தும் ஒண்ணுக்கு முட்டிக்கொண்டு வந்தது; யாரிடம் எப்படிக் கேட்பதென்று தெரியாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயிற்சி நடத்திய அம்மாள் பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். உங்கள் கட்டடத்தில் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது யார்?

தலைவி எழுந்து வாசலுக்குப் போனாள். "உள்ள வாம்மா," என்றாள்.

வந்தவள் உட்கார இடம் தேடினாள். யாரும் நகரவில்லை. தலைவி தன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டுவிட்டுத் தான் நின்றுகொண்டாள்.

"கூடத்துல வச்சு என்ன செய்வீங்க?"

அவளுக்கு நம் பாஷை தட்டுத்தடுமாறித்தான் வரும். "பக்கத்துல உட்காருவோம்," என்றாள். யோசித்தாள். "அழுவோம். அவர் அண்ணன் வருவார், அவர் முகம் பாக்கணும். அப்புறம் எடுத்துடுவோம்."

"வேற?"

"வேற என்ன? நீங்க என்ன செய்வீங்க?"

நாள் முழுக்கப் பிறரை வாயைத் திறக்கச் சொல்லும் பல் டாக்டர் தன் வாயைத் திறக்கவில்லை. தம்பி மட்டும் கிருமி, குழந்தைகள் விளையாடும் இடம், யோகா வகுப்பு என்று முணுமுணுத்தான். போன வருஷம் அண்ணன் தம்பி இருவருடைய அப்பாவையும் அதே கூடத்தில்தான் கிடத்தியிருந்தார்கள். மேல்மாடிக்காரர்களும் வந்து கதவோரம் நின்றுவிட்டுப் போனார்கள். அன்று கிருமியைப் பற்றி யாரும் பேசவில்லை.

கணவர் குரலை உயர்த்தவில்லை. கோபம் வந்தால் அவர் குரல் தணியும். இந்தம்மாவை வெளியே இருக்கச் சொல், நாம் பேசி முடிவு செய்யலாம் என்றார்.

"வெளிய நிக்க வச்சு இத்தனை வருஷம் பேசியாச்சு," என்றாள் தலைவி. "அந்தப் புத்தகத்துல நீங்க பாதியைத்தான் படிச்சிருக்கீங்க. மதிக்கிறதுன்னா முதல்ல அவங்களைக் கேக்கணும். கேட்டாச்சு."

அலமாரிக்குள் கையை விட்டுக் கூடத்துச் சாவியை எடுத்தாள்.

"கையெழுத்துப் போடத்தான் உன்னைத் தலைவி ஆக்கினேன்," என்றார் கணவர்.

"தெரியுங்க."

"இப்ப கீழ போனா, அப்படியே போயிடு."

தம்பி தரையைப் பார்த்தான். பல் டாக்டர் எழுந்திருக்கப் பார்த்து, மறுபடி உட்கார்ந்துகொண்டார். கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தலைவி ஒரு கணம் கணவர் முகத்தைப் பார்த்தாள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. திரும்பி, மேல்மாடிக்காரியின் தோளைத் தொட்டு எழுப்பினாள்.

"நாற்காலியெல்லாம் ஒதுக்கணும். ஆள் இருக்காங்களா?"

"எல்லாரும் வேலைல."

"சரி, வா. நாம ரெண்டு பேரும் தள்ளிடலாம்."

இருவரும் படியிறங்கினார்கள். முதல் திருப்பத்துக்கு வருமுன் மேலே வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. பிறகு உள்ளேயிருந்து பூட்டு இரண்டு முறை திரும்பியது.