மருந்துக்கடைச் சுவரில் ஒரு வட்டம்

மருந்துக்கடைக்காரர் கடைக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறாராம். நேற்று மாத்திரை வாங்கப் போனபோது வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். "இனிமே மஞ்சள்மா. பளிச்சுனு இருக்கும் பாருங்க." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மஞ்சளாவது, மண்ணாங்கட்டியாவது! அந்தப் பச்சைச் சுவரில் என்ன இருக்கிறதென்று இந்த மனுஷனுக்குத் தெரியுமா?

தெரியாதவர்களுக்கு அது வெறும் கறை. கடையின் பக்கச் சுவரில், ஆள் உயரத்தில், அடர்ந்த பச்சையில் ஒரு செவ்வகம். அதன் நடுவே வெயிலில் வெளுத்த ஒரு வட்டம். எனக்கோ அது கல்லூரியின் கடைசி வருஷம்.

நான் படித்தது டிசைன் கல்லூரியில். படிப்பை முடிக்கும் மாணவர்கள் தங்கள் வேலைகளையெல்லாம் கண்காட்சியாக வைப்பார்கள். அதற்கான போஸ்டர், அழைப்பிதழ், பேட்ஜ், வழி காட்டும் பலகை என்று அத்தனையையும் செய்ய அந்த வருஷம் மாட்டிக்கொண்டது நானும் கோந்தும். கோந்து என்பது என் வகுப்புத் தோழனுக்கு நாங்கள் வைத்த பெயர். எந்நேரமும் விரலில் காய்ந்த கோந்தை உரித்துக்கொண்டே பேசுவான்.

கண்காட்சிக்கு ஒரு சின்னம் வேண்டும். நான் வரைந்து வரைந்து தள்ளினேன். அவனுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை.

"பல்பு, பென்சில், மூளை. இதை விட்டா உனக்கு வேற எதுவும் தோணாதாடி?"

"பெரிய மேதை! நீ வரையேன் பார்ப்போம்."

அவன் வரையவில்லை. கத்தியை எடுத்து என் பல்பை வட்டமாக வெட்டி எறிந்துவிட்டு, மிச்சக் காகிதத்தைச் சுவரில் ஒட்டினான். கொன்றுவிடலாம் போல வந்தது. வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஓட்டைக்குள் எங்கள் வகுப்பறைச் சுவரின் விரிசல் தெரிந்தது. தினமும் பார்த்த விரிசல்தான். அன்றைக்குத்தான் அது அழகாக இருந்தது.

"எங்க ஒட்டறோமோ அந்தச் சுவர்தான்டி படம்" என்றான் மெதுவாக.

வெட்டி எடுக்கும் வட்டங்களே பேட்ஜும் அழைப்பிதழும் என்று முடிவானது. ஓட்டை போட்டுத் தர முடியாதென்று அச்சகத்தில் கைவிரித்துவிட்டார்கள். கையால்தான் வெட்ட வேண்டும். நான் வெட்டிய வட்டமெல்லாம் உருளைக்கிழங்கு. "நீ தொடாதே தாயே" என்று கும்பிட்டுவிட்டு எல்லாவற்றையும் அவனே வெட்டினான். வகுப்பு முடிந்ததும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, நாக்கைத் துருத்தியபடி வெட்டுவான். நான் பேட்ஜுக்கு ஊசி ஒட்டுவேன். பழைய ரேடியோ ஒன்று கரகரத்துக்கொண்டே இருக்கும். அந்த மத்தியானங்களில் ஒன்றை இப்போது யாராவது திருப்பித் தந்தால் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஆனால் அவனுடைய சொந்த வேலை? மடக்கு நாற்காலி ஒன்று செய்துகொண்டிருந்தான். அது பட்டறை மூலையில் மூன்று காலோடு நின்றது. கேட்டால் "நாளைக்கு முடிச்சிடுவேன்" என்பான். அந்த நாளை வருவதற்குள் வேலைகளை ஒப்படைக்கும் கடைசித் தேதி போய்விட்டது.

எங்கள் துறைத்தலைவிக்கு ஸ்கேல் மேடம் என்று பெயர். கையில் எப்போதும் இரும்பு ஸ்கேல். பேச்சும் அப்படித்தான், ஒரு நூல் வளையாது. நான் போய் மல்லுக்கு நின்றேன்.

"போஸ்டர் முழுக்க அவன்தான் மேடம் செஞ்சான்."

"அது கண்காட்சிக்குச் செஞ்ச வேலை. உள்ள வைக்க அவனோட வேலை எங்கே? வேலை இல்லேன்னா பேரும் இல்லை. போ."

கோந்து அதற்குக்கூட அசரவில்லை. அவனை உலுக்கியது அவன் அம்மா. ஒரு தையல் கடையில் காஜா எடுக்கிறவர். அதாவது, நாள் முழுக்கச் சட்டைகளுக்குப் பட்டன் ஓட்டை போடுகிறவர். மகனுடைய கண்காட்சி என்று கடை முழுக்கச் சொல்லி, லீவு போட்டுவிட்டு வருகிறார்.

"உள்ள கூட்டிட்டுப் போய் எதைடி காட்டுவேன்?" அவன் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கண்காட்சியன்று காலை பஸ் நிறுத்தத்தில் அவன் அம்மா இறங்கினார். புதுச் செருப்பு கடித்து லேசாக நொண்டினார். முகத்தில் அப்படியொரு பெருமை! நான் அவர் பையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தேன். கோந்து அவரை நேராக அழைத்துப் போகவில்லை. தெருத்தெருவாக நடத்தினான். நிறுத்தத்துப் போஸ்டரில் செங்கல் தெரிந்தது. சலூன் போஸ்டரில் வெள்ளை ஓடு. மருந்துக்கடையில் பச்சை.

"இது நான் செஞ்சதும்மா."

அம்மா ஓட்டையின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"பிசிரே இல்லையேடா! சரிதான், நானும் ஓட்டை போடறேன், நீயும் ஓட்டை போடறே. இதுக்கா இவ்வளவு படிப்பு?"

மூன்று பேரும் நடுத்தெருவில் நின்று சிரித்தோம். சிரித்தபடியே நான் பயந்துகொண்டிருந்தேன், கண்காட்சி அரங்கம் நெருங்கிவிட்டது.

அரங்கத்துக் கண்ணாடிக் கதவில் கடைசிப் போஸ்டர். அம்மா குனிந்து ஓட்டை வழியே உள்ளே எட்டிப் பார்த்தார். யாரது என்று உள்ளேயிருந்து ஸ்கேல் மேடமும் குனிந்தார். இரண்டு பேரும் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். கதவு திறந்தது.

"டீச்சர், என் பையனோட வேலை எங்க இருக்கு?"

கோந்து தரையைப் பார்த்தான். மேடம் அவனைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், செருப்பு கடித்த காலையும் பார்த்தார்.

"எந்த வழியா வந்தீங்க?"

"பஸ் ஸ்டாப்லேருந்து, மருந்துக்கடை வழியா."

"அப்போ அவன் வேலையைப் பார்த்துட்டுத்தான் வந்திருக்கீங்க. உள்ள இருக்கறது மத்தவங்களோடது."

அம்மா தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தார். "அப்படியா? சரியா பார்க்காம வந்துட்டேனே. இருங்க டீச்சர், இன்னொரு தடவை பார்த்துட்டு வந்திடறேன்" என்று வந்த வழியே திரும்பி நடந்தார். கோந்து பின்னாலேயே ஓடினான். ஸ்கேல் மேடம் சிரித்து நான் பார்த்ததும் அன்றைக்குத்தான்.

மற்ற போஸ்டர்கள் மழையில் போய்விட்டன. மருந்துக்கடைக்காரரின் சோம்பேறித்தனத்தால் அவர் சுவரில் மட்டும் அது வருஷக்கணக்கில் இருந்தது. ஒருநாள் தானாக உரிந்து விழுந்தது, ஓட்டை வழியே வெயில் வெளுத்த வட்டம் சுவரில் நின்றுவிட்டது. கோந்து இப்போது எங்கேயோ தூர தேசத்தில் நாற்காலி செய்கிறான். எல்லாவற்றுக்கும் நான்கு கால் இருப்பதாகச் சத்தியம் செய்கிறான். அவன் அம்மா இதே ஊரோடு வந்துவிட்டார். மாத்திரை வாங்க வரும்போதெல்லாம் அந்த வட்டத்தை ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் போவார்.

இன்று காலை, கடைக்காரரை ஒரு பிடி பிடிப்பதென்று கிளம்பினேன். போனால் ஏணி நிற்கிறது, மஞ்சள் வாளி நிற்கிறது, சுவருக்கு எதிரே கடை ஸ்டூலைப் போட்டு கோந்தின் அம்மா உட்கார்ந்திருக்கிறார். "எனக்கு எதுக்கு வம்பு" என்று கடைக்காரர் உள்ளே போய்விட்டார். பெயிண்டர் தலையைச் சொறிந்தபடி வட்டத்தின் விளிம்பில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஏற்கெனவே மஞ்சள் ஏறியிருந்தது. நடுவில் பழைய பச்சை மட்டும் வட்டமாகத் தெரிந்தது. 

"பிசிர் இல்லாம அடிப்பா" என்றார் அம்மா.

"அடிக்கறேன்மா. ஆனா பார்க்கறவங்களுக்கு ஓட்டை மாதிரி தெரியுமே?"

"ஓட்டைதான்பா. என் பையன் போட்டது."