போஸ்டர் பேப்பர் போட்ட கதை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை மனிதநேயத்தில் பிறந்தது அல்ல, வயிற்றெரிச்சலில் பிறந்தது. அதுவும் ஒருவருடையது அல்ல, இரண்டு பேருடையது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மச்சினன் வந்தான், மனைவியின் தம்பி. செருப்பைக் கழற்றும்போதே, "மாமா, போஸ்டர் பேப்பர் போட்டுட்டான்" என்றான். போஸ்டர் அவனோடு வேலை பார்க்கிறவன், பெயர்க்காரணம் பிறகு வரும். பல் பிடுங்கிக்கொண்டு வந்தவன் முகம். டீ ஆறுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டினான். நான் "அடப்பாவமே" என்று சொல்லிக்கொண்டே மனதுக்குள் பத்தி பிரித்துக்கொண்டிருந்தேன். வேலையை விட்டவனைக் கண்டால் எனக்கும் ஆகாது. பத்தொன்பது வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன் நான்.

கிளம்பும்போது மச்சினன் கதவருகில் நின்று குரலைத் தாழ்த்தினான். "மாமா, நீங்க எழுதறவராச்சே. என் லீவு கேன்சல்னு வீட்டுல எப்படிச் சொல்றதுன்னு ஒரு நாலு வரி எழுதிக் குடுங்க. அடுத்த திங்கக்கிழமை அவ வேலைக்குப் போயாகணும்."

நாலு வரி கேட்டான். நான் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். அதன் சுருக்கம்தான் இது.

2

"வாழ்க்கை என்பது ஒரு லிஃப்ட். சிலர் ஏறுகிறார்கள், சிலர்—"

அடித்துவிட்டேன். இதற்குக் கூட்டங்களில் கைதட்டுவார்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கைதட்ட மாட்டார்கள்.

"அவன் ஒரு சாதாரண மனிதன். அவனுடைய—"

இதையும் அடித்தேன். சாதாரண மனிதன் என்று எழுதுகிற யாரும் தன்னை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை.

சரி, நேராகவே சொல்கிறேன். என் மச்சினனுக்கு லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனத்தில் வேலை. லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர் மணி பொத்தானை அழுத்துவார் இல்லையா, அந்த அழைப்பு போய்ச் சேரும் அறையில் உட்கார்ந்திருப்பவன் அவன். கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறை. சுவர் முழுக்கக் கட்டடங்களின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு விளக்கு. இரண்டு நாற்காலி, இரண்டு ஹெட்செட். ஒன்று அவனுக்கு, மற்றது அவனைவிட ஏழு வயது இளையவனுக்கு. அந்த இளையவன்தான் பிற்பாடு போஸ்டர் ஆனவன்.

அந்த அறைக்கு ஒரே சட்டம்: மெக்கானிக் போய் வெளியிலிருந்து கதவைத் தட்டும் வரை லைனை விடக்கூடாது. பேசிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் எந்த மாடி, கையில் என்ன பை, யாரைப் பார்க்க வந்தார், எதைப் பற்றி வேண்டுமானாலும். 'இல்லை' என்று பதில் வரக்கூடிய கேள்வியை மட்டும் கேட்கக்கூடாது. மச்சினன் இதில் கெட்டிக்காரன். கத்திக்கொண்டிருந்த ஒரு வக்கீலை நாற்பது நிமிஷம் பேசிப் பேசியே உட்கார வைத்து, அவருடைய முழங்கால் வலிக்கு வைத்தியமும் சொல்லி அனுப்பியவன்.*

* வைத்தியம் சொன்னது போஸ்டர் என்று போஸ்டர் சொல்கிறானாம். நான் விசாரிக்கவில்லை. மச்சினன் பக்கம்தான் பேசுவேன், சொந்தம்.

3

இனி தேதிகள். கதையில் தேதி போட்டால் வாசகர் தூங்கிவிடுவார் என்பார்கள். இந்தத் தேதிகளில் மச்சினன் தூங்கவில்லை.

மச்சினனின் மகள் இருபத்தேழாம் தேதி பிறந்தாள். டாக்டர் சொன்னது அடுத்த மாதம் ஆறு. பெண் அவசரப்பட்டாள். அவனுக்குக் கிடைத்த லீவு மூன்று நாள், அதில் ஒன்று ஞாயிறு. அடுத்த வாரமே மேலாளர் எல்லாரையும் கூட்டி, தொண்டையைக் கனைத்து, "நாம ஒரு நிறுவனம் இல்லை, ஒரு குடும்பம்" என்று அறிவித்தார். அந்த மாதம் ஒன்றாம் தேதிக்குப் பிறகு பிறக்கும் குழந்தைகளின் அப்பாக்களுக்கு நான்கு மாதம், முழுச் சம்பளத்தோடு அப்பா லீவு.

"சார், எனக்கு இருபத்தேழு" என்றான் மச்சினன்.

"வயசா?"

"குழந்தை, சார்."

"அடடா. அஞ்சு நாள் பொறுத்திருக்கக் கூடாதாப்பா" என்றார் மேலாளர், அவன் ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டதுபோல.

இளையவனுக்கு நான்காம் தேதி பையன் பிறந்தான்.

பிறகு புகைப்படக்காரர் வந்தார். இளையவன் குழந்தையை நெஞ்சில் சாய்த்துச் சிரிக்கும் படம், கீழே கொட்டை எழுத்தில் 'உங்களையும் தூக்குவோம், அப்பாக்களையும் தூக்குவோம்'. அதை நிறுவனம் பராமரிக்கும் அறுநூறு லிஃப்டிலும் ஒட்டினார்கள். இளையவன் போஸ்டர் ஆனது அப்படித்தான்.

போஸ்டர் வீட்டில் இருந்த நான்கு மாதமும் இரண்டு ஹெட்செட்டும் மச்சினன் தலையில். வலது காதில் ஒருவர் மூன்றாம் மாடியில், இடது காதில் ஒருவர் ஒன்பதாம் மாடியில். ஒரு நாள் ஓர் அம்மாள் மாட்டிக்கொண்டார்.

"பதறாதீங்கம்மா, ஆள் கிளம்பிட்டாங்க. உங்களுக்கு எதிர்ல என்ன தெரியுது?"

"ஒரு பையன் குழந்தையை வெச்சுக்கிட்டுச் சிரிக்கிறான். லட்சணமா இருக்கான். நீதானாப்பா அது?"

"இல்லைங்க. அவர் லீவுல இருக்காரு."

"அப்ப நீ யாரு?"

"அவர் வேலையையும் சேர்த்துப் பார்க்கறவன்."

"ஐயோ பாவம்" என்றார் அந்த அம்மாள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர் இவனுக்குப் பாவம் பார்த்தார்.

4

ஆனால் மச்சினனுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. சேர்த்துவைத்த லீவு ஆறு வாரம். போஸ்டர் திரும்பியதும் எடுத்துக்கொள்ளலாம் என்று மேலாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அவன் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவளுடைய பிரசவ விடுப்பு முடியப்போகிறது. குழந்தைகள் காப்பகத்தில் ஆறு மாதம் முடிந்தால்தான் சேர்ப்பார்கள். நடுவில் விழுகிற ஆறு வாரத்துக்குத்தான் இந்த ஆறு வாரம். இது போனால் அவள் வேலை போகும். கூடத்தில் ஏற்கெனவே அவள் மேசையில் இன்னொரு பெண்ணை உட்கார வைத்துப் பார்க்கிறார்களாம்.

இன்னொன்றும் இருந்தது. ஒரு நாள் மகள் தொட்டிலில் வீறிட்டபோது மச்சினன் ஓடிப்போய்க் குனிந்து, சுத்தமான ஆபீஸ் குரலில் சொன்னான்: "பதறாதீங்க. கதவைப் பிடிச்சு இழுக்காதீங்க. ஆள் கிளம்பிட்டாங்க."

சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்: "எந்த ஆளுங்க? நீங்கதானே ஆளு?"

அவன் இதைச் சொன்னபோது நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

5

போஸ்டர் திரும்பி வந்த வியாழக்கிழமை. மேலாளர் பூங்கொத்தோடும் புகைப்படக்காரரோடும் தயாராக இருந்தார். போஸ்டர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான், பூங்கொத்தை வாங்கிக்கொண்டு ராஜினாமாக் கவரை நீட்டினான். நோட்டீஸ் காலத்துக்கு மிச்சமிருந்த லீவைக் கழித்துக்கொள்ளச் சொன்னான். மனைவி சம்பாதிக்கிறாள், குழந்தையை இவன் பார்த்துக்கொள்ளப்போகிறான். அவ்வளவுதான் காரணம்.

மேலாளர் முதலில் கேட்டது: "அப்ப அந்த போஸ்டர்? அறுநூறு லிஃப்ட்ல ஒட்டியிருக்கேனேய்யா!"

போஸ்டர் மச்சினன் பக்கம் திரும்பி, தோளில் கைவைத்து, கல்மிஷமில்லாமல் சொன்னான்: "அண்ணே, நீங்களும் ஒரு நாலு மாசம் வீட்ல இருந்து பாருங்க. அப்பறம் இந்த ரூமுக்கு வரவே தோணாது."

(இந்த வரி நான் புனைந்தது அல்ல. இவ்வளவு கொடூரமாக எனக்கு எழுத வராது.)

இந்த இடத்தில் நான் போஸ்டரைத் தண்டிக்க முயன்றேன். [அவன் குழந்தைக்கு ஓயாத வயிற்று வலி. இரண்டே வாரத்தில் போஸ்டர்—] அடித்தேன், குழந்தை என்ன செய்தது? [அவன் மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "ஆம்பளையா லட்சணமா—"] அடித்தேன். அவளை எப்படி எழுதினாலும் காலை அலுவலகம் போகும்போது திரும்பி இரண்டு பேருக்கும் கையசைத்துவிட்டுப் போனாள். பாத்திரங்கள் நாம் சொன்னபடி கேட்பதில்லை என்று எழுத்தாளர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். பெரிய விஷயமில்லை அது. சந்தோஷமாக இருப்பவனைக் கெடுக்கக் காரணம் கிடைக்காதபோது அப்படிச் சொல்வோம்.

மறுநாள் மேலாளர் மச்சினனைக் கூப்பிட்டார். "அவன் ஆறு வாரம் வந்து உட்கார்ந்தா உனக்கு லீவு. இல்லைன்னா நான் யாரை வெச்சு ஓட்டறது? நீதான் ஆளைப் பேசியே பிடிச்சு வெக்கிறவனாச்சே. அவன்கிட்ட பேசு."

மச்சினன் பேசினான். அறையிலிருந்தே, விளக்கு எதுவும் எரியாத நேரம் பார்த்து.

"தம்பி, எங்க நிக்கறே?"

"ஜன்னல்கிட்ட அண்ணே. இவன் வெளியில மரத்தைப் பார்த்தா சிரிக்கிறான். இப்பத்தான் குப்புற விழக் கத்துக்கிட்டான். அண்ணே, உங்க பாப்பா விழுந்துட்டாளா?"

மச்சினனுக்குத் தெரியாது. மகள் குப்புற விழுந்துவிட்டாளா இல்லையா என்று அவனுக்கு நிஜமாகவே தெரியாது. "ஓ, அதெல்லாம் எப்பவோ" என்றான்.

"அண்ணே, திடீர்னு விட்டுட்டு வந்துட்டேன்னு ஒரு மாதிரியா இருக்கு. உங்களுக்குக் கஷ்டம்னா சொல்லுங்க, கொஞ்ச நாள் நான் வேணா வந்து—"

கேட்க வந்ததை எதிராளியே தட்டில் வைத்து நீட்டுகிறான். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

"சேச்சே, எனக்கென்ன கஷ்டம்?" என்றான் மச்சினன். "நாலு மாசம் நான்தானே ஒத்தையா ஓட்டினேன். நீ இல்லாதது இங்க யாருக்கும் தெரியவே இல்லை."

வாழ்க்கையிலேயே முதல்முறையாக, அவனாக லைனைத் துண்டித்தான்.

6

முடிவுகள்.

முதல் முடிவில் மச்சினனும் பேப்பர் போடுகிறான். மேலாளர் மேசையில் கவரை வீசி— [வீசி? வைத்து? மெல்ல நகர்த்தி?] ஏழு தடவை திருத்தினேன். இரண்டு சம்பளத்தில் ஒன்று போனால் வீட்டு வாடகை எப்படி என்று இடையில் ஒரு பத்தி வந்து உட்கார்ந்துகொண்டது, நகரவே மாட்டேன் என்றது.

இரண்டாவது முடிவில் போஸ்டருக்கு வீடு சலித்துவிடுகிறது. அவனாகவே ஒரு காலை வந்து ஹெட்செட்டை மாட்டிக்கொள்கிறான். படிக்க நன்றாக இருந்தது. என் வயிற்றெரிச்சல் சொல்லச் சொல்ல எழுதியது என்பதால் நன்றாக இருந்தது. கிழித்தேன்.

மூன்றாவதில் மச்சினன் சொல்கிறான். மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொள்கிறாள். பிறகு, "சரி, நான் விட்டுடறேன்" என்கிறாள். குழந்தை சிரிக்கிறது. சரியாக நாலு வரி.

7

இன்று ஞாயிறு. நாளைக் காலை அவள் வேலைக்குப் போக வேண்டும். லீவு கேன்சல் என்பது அவளுக்கு இன்னும் தெரியாது. ஒரு வாரமாக மச்சினன் வாயைத் திறக்கவில்லை, நாலு வரி வரும் என்று காத்திருந்தான்.

சோபாவின் நுனியில் உட்கார்ந்து மூன்று முடிவுகளையும் படித்தான். மூன்றாவது தாளை என் பக்கம் திருப்பினான்.

"இது மட்டும் அடிக்காம எழுதியிருக்கீங்க, மாமா."

பார்த்தேன். ஒரு திருத்தம்கூட இல்லை. அச்சுக்கே அனுப்பலாம்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து தாளை வாங்கியது. என் மனைவி. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலையில் இருந்தாள், எங்கள் மூத்தவள் பிறக்கும் வரை. நின்றபடியே படித்தாள்.

"நாலு வரியா? பரவாயில்லையே" என்றாள் என்னிடம். "எனக்கு ஒரு வரிதான் கிடைச்சுது. 'நீயே பாத்துக்கோயேன்'னு."

நான் சொன்னேனா? சொல்லியிருப்பேன். (இங்கே ஓர் அடிக்குறிப்பு போட்டு என்னை நியாயப்படுத்திக்கொள்ளலாம் என்று பார்த்தேன். போடுவதற்கு ஒன்றும் இல்லை.)

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "அந்தப் பையன் வர்றேன்னுதானேடா சொன்னான்? சரின்னு சொல்ல உனக்கு வாய் வலிச்சுதா?"

"அவன்கிட்டப் போய் எப்படிக்கா கேக்கறது?"

"உன்னைக் கண்டா வயிறு எரியுதுடான்னு சொல்லு. சொல்லிட்டுக் கேளு."

"அதையெல்லாம் யாராவது சொல்லுவாங்களா?"

"உங்க மாமா பன்னெண்டு பக்கத்துல அதைத்தானே சொல்லியிருக்காரு. நீ ஒரே வரியில சொல்லு. இல்லைன்னா நேரா வீட்டுக்குப் போய் அவகிட்ட உண்மையைச் சொல்லு. ரெண்டுல எது சுலபமோ அது."

மச்சினன் போனை எடுத்தான், வைத்தான். மறுபடி எடுத்தான். நான் இந்தப் பத்தியைக் கூடத்து மூலையில் உட்கார்ந்து முழங்காலில் தாளை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன், அவன் காதில் மணி போய்க்கொண்டிருக்கிறது.

"ஹலோ, அண்ணே!" என்கிறான் போஸ்டர். பின்னால் ஒரு குழந்தை கெக்கலி கொட்டுகிறது.

மச்சினன் வாயைத் திறக்கிறான்.

அவன் வாயில் நான் எதை வைத்தாலும் அது என்னுடைய புளித்த சரக்காகத்தான் இருக்கும். அந்த வரியை இனி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: எனக்கு எழுதி அனுப்பிவிடாதீர்கள். அது நன்றாக இருந்து தொலைத்தால் என்னால் தாங்க முடியாது.