காலைச் சவாரித் தாளில் ஒரு காலி இடம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை. நாளைக் காலைச் சவாரிக்கான தாளை எழுதத்தான் உட்கார்ந்தேன். கராட்டு என்ற ஆப்பிரிக்கச் சிற்றூரில் ஒரு சின்ன சஃபாரி கம்பெனியில் பத்தொன்பது வருடமாக இந்தத் தாளை எழுதுவதுதான் என் பிழைப்பு.

ஐந்து: புறப்பாடு. ஆறு: சரணாலய வாசல் திறப்பு. ஏழுக்குள் எரிமலைப் பள்ளத்தின் தரை. எட்டரை: நீர்யானைக் குட்டையருகே சாப்பாடு (வண்டிக்குள்ளேயே, வெளியே எடுத்தால் பருந்து பிடுங்கிவிடும்). பன்னிரண்டு: மேலேறத் தொடங்க வேண்டும்.

ஓட்டுநர்:

அந்த இடத்தில் பேனா நின்றது. டீ ஆறிப்போனது. மதியம் சாயும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேறொரு தாளை எடுத்து இதை எழுத ஆரம்பித்தேன். என்னை எழுத்தாளன் என்று நினைத்துவிடாதீர்கள். குழம்பிப்போன ஒரு குமாஸ்தா, அவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்: "எரிமலை வாயின் விளிம்பில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தபோது தார்மோ…"

அடித்துவிட்டேன். மூடுபனி என்றதும் ஏதோ நடக்கப்போகிறது என்று நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். இங்கே தினமும் மூடுபனிதான். ஒன்றும் நடப்பதில்லை.

இரண்டாவது: "தார்மோ நல்ல மனிதர்."

இதுவும் வேண்டாம். எடுத்த எடுப்பில் நல்ல மனிதர் என்றால், ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் போலிருக்கிறது என்று தோன்றும். திடமாக இருக்கிறார். இப்போதும் முற்றத்தில் வண்டியைக் கழுவிக்கொண்டு யாரையோ கிண்டல் செய்கிறார்.

மூன்றாவது: "தார்மோவின் கண்…"

பேனா முந்திக்கொண்டு ஓடுகிறது. இருங்கள்.

தார்மோவுக்கு ஐம்பத்திரண்டு வயது. எங்கள் ஓட்டுநர்களில் மூத்தவர். இருபத்தாறு வருடமாக அந்தப் பள்ளத்துக்குள் வண்டி இறக்குகிறார். வெகுதூரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு தெரியும். அது கல்லா காண்டாமிருகமா என்று மற்றவர்கள் பைனாகுலரைத் தேடுவதற்குள் இவர் ஆணா பெண்ணா என்றே சொல்லிவிடுவார். வாய் கொஞ்சம் நீளம். என்னை இன்றுவரை "தாள் தம்பி" என்றுதான் கூப்பிடுகிறார்.

3

போன வியாழக்கிழமை, சவாரி வந்துபோன ஒரு விருந்தாளி நன்றி சொல்லிக் கடிதம் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு புகைப்படம். தார்மோ பத்து நிமிடம் வண்டியை நிறுத்தி இந்தச் சிங்கத்தைப் பற்றி அருமையாக விளக்கினார், எங்கள் கண்ணுக்குத்தான் கடைசிவரை தென்படவில்லை, புல்லுக்குள் படுத்திருந்தது போலும் என்று எழுதியிருந்தார். பாவம், மரியாதை தெரிந்த மனிதர். படத்தில் இருந்தது கறையான் புற்று.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தார்மோவை ஒரு வாரத்துக்கு ஓட்டலாம் என்று படத்தைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். அங்கே பாஸ்கலினாதான் இருந்தாள். எங்கள் ஓட்டுநர்களில் ஒரே பெண், முப்பது வயது, கிண்டலில் தார்மோவுக்குச் சரியான ஜோடி. அவளிடம் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

4

[இங்கே ஒன்றைச் சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. ரேடியோவில் எங்கள் ஓட்டுநர்கள் மிருகத்தின் பெயரைச் சொல்வதில்லை. சிங்கம் என்ற வார்த்தை காதில் விழுந்தால் பின்சீட்டுக்காரர்கள் துள்ளுவார்கள். போய்ச் சேர்வதற்குள் அது எழுந்து போயிருக்கும். அப்புறம் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் சிங்கத்துக்கு மீசை, சிறுத்தைக்குப் புள்ளி, காண்டாமிருகத்துக்குப் பெரியவர். இது காலங்காலமாக இருக்கும் வழக்கம்.]

பாஸ்கலினா மென்று விழுங்கித்தான் சொன்னாள். எட்டு மாதமாகத் தார்மோவுக்குத் தூரத்துப் பார்வை இல்லையாம். மற்ற ஓட்டுநர்கள் எல்லாரும் சேர்ந்து அவருக்குப் பார்த்துச் சொல்கிறார்களாம். எங்கள் கம்பெனி ஆட்கள் மட்டுமில்லை, பள்ளத்தில் இறங்கும் அத்தனை வண்டிகளும். மீசை, ஒற்றை மரத்துக்கு வலது, நூறடி. பெரியவர், ஏரிக்கு அந்தப் பக்கம், வடக்கே நடக்கிறார். தார்மோ சரியாக அந்தத் திசையில் கை நீட்டுவார். பின்சீட்டில் இருப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

அன்று அந்தச் சிங்கத்தைப் பார்த்துச் சொன்னவள் பாஸ்கலினாதான். சொன்ன கையோடு அவள் விருந்தாளிக்கு வயிறு சரியில்லாமல் போக, கழிப்பறைப் பக்கம் வண்டியை விரட்டியிருக்கிறாள். சிங்கம் எழுந்து போனதைச் சொல்ல ஆளில்லை.

"டாக்டர்கிட்டப் போகலாமே, புரைன்னா எடுத்துடுவாங்களே" என்றேன்.

"போனாருண்ணே. புரை இல்லயாம். கண்ணுக்குப் பின்னாடி நரம்பாம். இனிமே இதுக்கு மேல நல்லாகாதுன்னு சொல்லிட்டாங்க."

எட்டு மாதமாக நான் தாளில் அவர் பெயரை எழுதி எழுதி அனுப்பியிருக்கிறேன். எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை.

5

இந்தக் கதையில் தார்மோவை நான் நம்பலாமா? ஒரு கதாபாத்திரத்தைப் பற்றி இப்படிக் கேட்டால் அது இலக்கியச் சந்தேகம். எனக்கு அப்படியில்லை. நாளைக்கு வண்டி இறங்க வேண்டும்.

இன்று காலையில் சக்கரத்தின் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"ரோடு தெரியுது தம்பி. கிட்ட இருக்கறதெல்லாம் தெரியுது. ரோட்டுக்கு அந்தாண்டதான் தெரியல."

"போன வாரம் பனியில எருமை நின்னப்ப, விருந்தாளி கத்தினப்புறம்தான் பிரேக் போட்டீங்களாமே?"

"பனியில எவன்தான் சீக்கிரம் போட்டான்?"

அதுவும் சரிதானே என்று பட்டது. எனக்கு எது சொன்னாலும் சரிதானே என்று படுகிறது, அதுதான் என் வியாதி. கொஞ்ச நாள் வீட்டில் ஓய்வாக இருக்கலாமே என்று இழுத்தேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"பள்ளத்துல எனக்கு எல்லாம் மனப்பாடம். எந்த மரமும் எடம் மாறாது. வீட்லதான் நாற்காலியத் தள்ளிப் போட்டுடறாங்க, இடிச்சுக்கிட்டு விழறேன். நாளைக்கு மட்டும் என்னை அனுப்பு."

"நாளைக்கு மட்டும்னா? அப்புறம்?"

"அப்புறம் நாளன்னிக்குக் கேப்பேன்."

சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

6

முடிவு, முதல் யோசனை: நாளைய விருந்தாளி ஒரு பெரிய கண் மருத்துவர். (அடச்சீ. எழுதியதற்கே கை கூசுகிறது.)

முடிவு, இரண்டாம் யோசனை: பாஸ்கலினா ஓட்டட்டும், தார்மோ பக்கத்தில் உட்கார்ந்து பேசட்டும். புத்திசாலி வாசகரான நீங்கள் இதை நாலாம் பகுதியிலேயே சொல்லியிருப்பீர்கள். நானும் அவரிடம் சொன்னேன். "சாப்பாட்டுப் பொட்டி மாதிரி என்னை ஏத்திக்கிட்டுப் போவியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார். அதோடு, ஒரு வண்டிக்கு எதற்கு இரண்டு பேர் என்று முதலாளி கேட்பார். கேட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். அன்றோடு தார்மோவின் வேலை போச்சு.

முடிவு, மூன்றாம் யோசனை: "இறங்கும் பாதையின் ஏழாவது வளைவில்…"

இதற்குமேல் எழுத மாட்டேன்.

7

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். நாளைய விருந்தாளிகள் யார் என்று இதுவரை சொல்லவில்லை, கவனித்தீர்களா? சொன்னால் உடனே தீர்ப்பு எழுதிவிடுவீர்கள் என்று பயந்தேன். ஒரு தாய், தகப்பன், இரண்டு பெண் குழந்தைகள். ஒன்பது வயதும் ஆறு வயதும். காண்டாமிருகத்தைக் கட்டாயம் பார்க்க முடியுமா என்று மூத்தவள் தன் கையாலேயே எழுதிக் கேட்டிருக்கிறாள். தார்மோ காட்டுவார் என்று நான்தான் பதில் போட்டேன். அது வியாழக்கிழமைக்கு முன்பு.

இன்னொன்று. இதை ஏன் தமிழில் எழுதுகிறேன்? இந்த ஊரில் தமிழ் படிக்க என்னைத் தவிர ஆள் கிடையாது. தாள் யார் கையில் கிடைத்தாலும் தார்மோவுக்கு ஆபத்தில்லை என்று கணக்குப் போட்டேன். ஆனால் நீங்கள் படித்துவிட்டீர்களே. இப்போது விஷயம் தெரிந்தவர்களில் நீங்களும் ஒருவர். மன்னித்துக்கொள்ளுங்கள், தனியாகச் சுமக்க முடியவில்லை.

8

விடிய இன்னும் நேரமிருக்கிறது. மணி நாலே முக்கால். முட்டை, சப்பாத்தி, வாழைப்பழம் எல்லாம் வண்டியில் ஏறிவிட்டன. ஓட்டுநர் என்ற இடம் இன்னும் காலி. யார் பெயரையும் எழுதவில்லை என்று பாஸ்கலினாவும் தயாராக வந்து வாசலில் நிற்கிறாள், என் முகத்தைப் பார்க்காமல்.

தார்மோ உள்ளே வந்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. மேசைமேல் இரண்டு தாள்கள் இருந்தன. சவாரித் தாள் ஒன்று, இந்தத் தாள் ஒன்று. அவர் இதை எடுத்தார். தலைக்கு மேலே பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. மேலிருந்து கீழாகப் பார்த்தார். ஒரு இடத்தில் விரலைக்கூட வைத்தார்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கே தம்பி" என்றார். "என் பேரும் இருக்கு."

கிட்ட இருப்பதெல்லாம் தெரிகிறது என்றாரே. இவ்வளவு கிட்ட இருந்தும் இது தமிழ் எழுத்து, சவாரித் தாள் இல்லை என்று தெரியவில்லையா? இல்லை, தெரிந்துகொண்டே என்னை ஓட்டுகிறாரா? அப்படியும் செய்யக்கூடியவர்தான், பத்தொன்பது வருடமாகச் செய்கிறவர்தான். முகத்தைப் பார்த்தேன். சிரிக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அவரிடமே கேட்டிருக்கலாம்.

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நின்றபடியே இதன் அடியில் எழுதுகிறேன். வண்டிச் சாவி என் இடது கையில் இருக்கிறது. அவர் கையை நீட்டியிருக்கிறார். கொடுக்கவா, வேண்டாமா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள், குழந்தைகள் வண்டியில் ஏறிவிட்டார்கள்.