கட்டைக்குள் இருந்தவை

டொக். கோடரிச் சத்தம்தான், கனவில் வருகிற சத்தம் இரண்டாம் தரமும் இத்தனை தெளிவாகக் கேட்காது... செல்வரத்தினம் கண்ணைத் திறக்கவில்லை. விடிய மூன்றரைக்கு எழும்பி, இரண்டு பஸ் பிடித்துப் போய், யார் யாரோ இருந்து வேலை செய்கிற மேசைகளையெல்லாம் துடைத்துவிட்டு வந்து இப்போதுதான் சாய்ந்த உடம்பு, பின்னேரம் மூன்று மணிக்குப் பெற்றோல் ஷெட்டில் போய் நிற்க வேண்டிய உடம்பு, நடுவில் கிடைக்கிற இந்த நாலு மணித்தியாலத்தை யார் போட்டுக் கொத்துகிறது? டொக். பக்கத்து வீடாக இருக்கட்டும். ஆனால் லண்டனில் இந்த லூயிஷாம் பகுதி முழுக்க ஹீட்டரைப் போட்டுக்கொண்டு முடங்கிக் கிடக்கிற இந்தத் தைக் குளிரில் எந்த வெள்ளைக்காரன் விறகு கொத்துவான்... விறகு. இன்றைக்குப் பொங்கல் அல்லவா? எழும்பி இருந்துவிட்டான். இந்த வீட்டுத் தோட்டத்தில் விறகென்று கிடப்பது ஒன்றே ஒன்றுதான்.

எண்பத்தேழாம் ஆண்டுப் புயலில் பூங்காவோரம் விழுந்த ஓக் மரத்தின் துண்டு அது, பொங்கலுக்கு உதவும் என்று கடைத் தள்ளுவண்டியில் வைத்து அவனே ரோட்டு நீளத்துக்கும் இழுத்து வந்தது, ஈரத்தில் பற்றவே மாட்டேன் என்றது, அந்த வருடமும் காஸ் அடுப்பில்தான் பொங்கல். பிறகு பாதி மண்ணுக்குள் இறங்கி, உக்கி, காளான் பூத்து, அவன் அதை மறந்தே போனான். தொண்ணூறு யூனில் ஒரு மாலை, வேலை பறிபோய்ப் பின்வாசலில் குந்தியிருந்தபோதுதான் கண்டான், பெருவிரல் பருமனில் ஒரு கறுத்த வண்டு அந்தக் கட்டையின் அடியைக் கிண்டிக்கொண்டு உள்ளே இறங்கியது, ஒருமணி நேரம் அவன் அசையவில்லை, வேலை போனது கூட நினைவில்லை. நூலகத்தில் புத்தகம் எடுத்துப் பார்த்தான். கொம்பு வண்டு, ஆணுக்கு மான்கொம்பு போலத் தாடை, புழுவாக நாலைந்து வருடம் உக்கிய மரத்தைத் தின்றுகொண்டே இருட்டில் கிடக்கும், வண்டாக வெளியில் பறப்பது ஒரேயொரு கோடை. நாலைந்து வருடம்! படித்தபோது சிரிப்பு வந்தது, அவனுக்கும் விசா முடிவு வர அவ்வளவுதான் சென்றது. அன்றிலிருந்து ஒரு கொப்பி, திகதி போட்டு, மழை வெயில் எழுதி... மனைவி தவமலர் ‘வண்டுக்கு மாப்பிள்ளை பார்க்கிறியளோ’ என்று கேட்பாள். உள்ளே ஏழு புழு இருப்பதை அவளுக்கும் சொல்லவில்லை. போன புரட்டாதியில் அடிப்பட்டையைக் கிளப்பி, எண்ணி, மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்ப மூடியது. வாற யூனில் பறக்கும், ஷிப்டை மாற்றிக்கொண்டாவது பார்க்க வேண்டும். இந்த நாட்டில் தனக்கென்று அவன் காத்திருந்தது வேறு என்ன?

டொக். படியில் முழங்கால் நோகிறது, ஜன்னலைத் திறந்து கத்தியிருக்கலாம், ஏன் கத்தவில்லை... குசினியில் தவமலர் பயறு வறுத்துக்கொண்டிருந்தவள், அவன் முகத்தைக் கண்டதும் அகப்பையோடு வந்து வாசலை மறித்தாள். “இஞ்சேருங்கோ, ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. நான் கேக்கேல்லை, அவனாத்தான் இறங்கி வந்தவன். விறகு இருக்கோ அக்கா எண்டு கேட்டவன்.” அவளுடைய கண் கலங்கியிருந்தது, பயறுப் புகையாகவும் இருக்கலாம். பாலேந்திரா, அவளுடைய ஒரே தம்பி, ஊரிலிருந்து வந்து ஏழு கிழமை. அங்கே தடுப்பு முகாமில் என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை, சாப்பாட்டுத் தட்டு மேலே போகும், பாதி திரும்பி வரும், கதவு சாத்தியபடி கிடக்கும். அவனைக் கதைக்க வைக்க ஏலாதோ என்று தவமலர் ஒவ்வொரு இரவும் கேட்பாள், தூங்கிவிட்டதுபோலக் கிடப்பான் செல்வரத்தினம். களைப்பு. இப்போது அந்தப் பாலேந்திரா கேட்டிருக்கிறான், விறகு இருக்கோ அக்கா. ஏழு கிழமையில் முதல் கேள்வி. அதற்குப் போய், அதைத் தொடாதே, அதற்குள் என்னுடைய புழு இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? ஏழு வண்டா, ஒரு மனிசனா என்று யாராவது கேட்டால் பதில் சுலபம். சுலபமான பதில் ஏன் இப்படி நெஞ்சில் குத்துகிறது...

வெளியே மூன்று செங்கல் வைத்து, கோலம் போட்டு, பானை காத்திருந்தது. கட்டை அடியோடு பெயர்ந்து இரண்டாகக் கிடந்தது. பாலேந்திரா ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு நின்றான், வியர்வை, குளிரில் தோளிலிருந்து ஆவி பறந்தது. செல்வரத்தினத்தை நிமிர்ந்து பார்த்து, சிரித்தான். “அத்தான், நல்ல காலம் நான் பாத்தது. இஞ்ச பாருங்கோ, தென்னை வண்டுப் புழு. லண்டனுக்கும் வந்திட்டுது.” குதிக்கால் அடியில் வெள்ளையாய் ஏதோ நசுங்கியிருந்தது, ஒன்றல்ல, நாலைந்து. அப்பாவின் தென்னந்தோப்பில் கொக்கிக் கம்பியால் குத்தி எடுத்துக் கொன்று பழகிய கை, பார்த்தவுடனே பகை தெரிந்த கண், வேறு எப்படிச் செய்வான்? “ஒண்டை விட்டாலும் தோப்பே போயிடும் எண்டு ஐயா சொல்லுவார்” என்றான், பிறகு இன்னும் ஏதோ, முருங்கையைப் பற்றி, ஒரு நாயைப் பற்றி, நிறுத்தாமல் கதைத்தான், ஜன்னலுக்குள் தவமலர் அகப்பையைப் பிடித்தபடியே நின்றாள். செல்வரத்தினம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். கோபம் வரவில்லை. வரும் என்று பார்த்தான், வரவில்லை, இனி யூனில் ஷிப்ட் மாற்றிக் கேட்கத் தேவையில்லை என்றுதான் முதலில் தோன்றியது, இவ்வளவுதானா, இத்தனை வருடக் காத்திருப்பு முடிந்தால் வருவது கவலையில்லை, நித்திரையா... அப்போதுதான் தன் செருப்புக்குப் பக்கத்தில் கண்டான். உடைந்த மண்கட்டிக்குள் சுருண்டபடி ஒன்று, தலை செம்பழுப்பு, கால்கள் மெல்ல அசைந்தன. பாலேந்திரா குனிந்து தேடிக்கொண்டே அவன் பக்கம் வந்தான். செல்வரத்தினத்தின் கால், அவனைக் கேளாமலே, அரை அடி நகர்ந்து, அந்த மண்கட்டியை மறைத்து நின்றது.

“அங்காலை பார் தம்பி” என்றான். “இஞ்ச ஒண்டுமில்லை.”