வேப்பமரத்தில் விழுந்த டார்ச் வெளிச்சம்

டமால் என்ற சத்தத்தில் ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன. மேஜையில் இருந்த மெழுகுவர்த்தி சாய்ந்து அணைந்தது.

இரண்டு நிமிடம் முன்புதான், ஜன்னலில் ஒட்டியிருந்த கறுப்புக் காகிதத்தின் ஓரமெல்லாம் பச்சையாகப் பளிச்சிட்டு மறைந்திருந்தது. எழுபத்தொன்று டிசம்பர். பாகிஸ்தானோடு சண்டை தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. விமானத் தாக்குதலுக்குப் பயந்து டில்லி கரோல்பாக் முழுக்க இருட்டடிப்பு. குண்டுதான் என்று வைத்தி முடிவு கட்டிவிட்டார். சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா என்றாலும், இந்தப் பத்து நாளாக அவர் தெருவுக்கே வார்டன்; யார் வீட்டிலும் வெளிச்சம் கசியாமல் பார்ப்பது அவர் பொறுப்பு. இரும்புத் தொப்பியை மாட்டிக்கொண்டார். மனைவியும் மகள் வல்லியும் உள்ளேயே இருக்க வேண்டும் என்று இருட்டைப் பார்த்துச் சத்தம் போட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் விசிலை ஊதிக்கொண்டே வெளியே ஓடினார்.

தெருவே திரண்டு நின்றது. பாராசூட்டில் ஆள் இறங்கினான் என்றார் ஒருவர். வால் பற்றி எரிந்த விமானம் என்றார் இன்னொருவர். பால்காரர், அது தன் தலைக்கு நேர் மேலே வந்து ஒரு நொடி நின்றுவிட்டுப் போனதாகக் கோமாதா மேல் சத்தியம் செய்தார். ஆளுக்கொரு கதை இருந்ததே தவிர, எந்தப் பக்கமும் புகையையோ நெருப்பையோ காணோம்.

வீட்டுக்காரர் சோப்ரா மட்டும் கதை சொல்லவில்லை. வைத்தியின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். வானத்து வெளிச்சம் அணைந்த கையோடு, மொட்டை மாடியிலிருந்து யாரோ பின்பக்கத்து வேப்பமரத்தின் மேல் டார்ச் அடித்தார்களாம். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

"சிக்னல், வைத்தி சாப். மேலே இருக்கானே, உங்க மதராசிப் பையன், அவன்தான்" என்றார் இந்தியில்.

மாடி அறையில் குடியிருந்தவன் பரமசிவம். திருநெல்வேலிக்காரன். சர்க்காரில் தற்காலிக வேலை, வரைபடம் போடும் உத்தியோகம். அவன் வந்த நாளிலிருந்தே வைத்திக்கு ஒரு நெருடல். குளிரென்றும் பார்க்காமல் மாடியில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டான். இப்போது எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்துவதுபோல் இருந்தது.

இருவரும் மாடி ஏறினார்கள். பரமசிவம் அறை வாசலிலேயே நின்றிருந்தான். குண்டும் இல்லை, விமானமும் இல்லை, அது எரிகல் என்றான். பெரிய கல்லாக இருந்தால் வெளிச்சம் போன பிறகு சத்தமும் வரும் என்றான். ஊரே நடுங்கும்போது இவனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்த நிதானம்? வைத்திக்கு அதுவே குற்றமாகப் பட்டது.

"எரிகல்லாவே இருக்கட்டும். டார்ச் எதுக்கு அடிச்சே?"

பரமசிவம் படிக்கட்டுப் பக்கம் பார்த்தான்.

"மரத்துல என்ன இருக்கு? யாருக்குக் காட்டினே?"

"நான் யாருக்கும் சிக்னல் கொடுக்கல சார். இதுக்கு மேல என்னால சொல்ல முடியாது."

சொல்ல முடியாதாமே! வைத்தி அறையைக் குடைந்தார். நட்சத்திரப் படம் ஒன்று, ரேடியோ ஒன்று. வெளியே கைப்பிடிச் சுவரின் மேல் இரண்டு காபி டம்ளர்கள். தொட்டுப் பார்த்தார், இரண்டிலும் சூடு ஆறவில்லை. தனிக்கட்டைக்கு எதற்கு இரண்டு டம்ளர்? ஆக, கூட்டாளியும் வந்து போயிருக்கிறான்.

சோப்ரா போன் செய்ய, முகப்பு விளக்கில் பாதிக்குக் கறுப்புச் சாயம் பூசிய ஜீப்பில் சப்-இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். கீழே வைத்தியின் கூடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி உட்கார்ந்தார்கள். வார்டன் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், ஆளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விடலாம் என்றார் சப்-இன்ஸ்பெக்டர். தற்காலிக ஊழியன், அதுவும் சண்டை நேரம். ஒரு ராத்திரி லாக்கப்பில் இருந்தால் வேலை போனதுதான்; வெளியே எப்போது வருவான் என்பதே சந்தேகம். பரமசிவத்துக்கும் அது தெரிந்திருந்தது. முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் தரையைப் பார்த்தபடி அழுத்தமாக நின்றான்.

"கடைசியாக் கேக்கறேன். டார்ச் எதுக்கு?" என்றார் வைத்தி.

"எழுதிக்குங்க சார்" என்றான் அவன்.

வைத்தி எழுதி முடித்தார். கையெழுத்துப் போடப் பேனாவைக் கொண்டுபோனபோது, சமையலறைக் கதவருகே வளையல் சத்தம் கேட்டது. வல்லி கூடத்துக்கு வந்து, மேஜைமேல் இருந்த காகிதத்தைக் கையால் மூடினாள்.

"எரிநட்சத்திரத்தைப் பார்த்தா உடனே பச்சையைப் பார்க்கணும், இல்லேன்னா படிச்சதெல்லாம் மறந்துடும்னு அம்மா சொல்லுவாளே; இருட்டுல மரம் தெரியலேன்னு நான்தாம்ப்பா அவரை டார்ச் அடிக்கச் சொன்னேன்."