மற்ற ஸ்பிறிங்

ஏர்னஸ்றுக்கு மறுத்துப் பேச வராது. என் தங்கையைக் கட்டியவன் என்பதற்காக இதை நான் மறைக்கப் போவதில்லை. கால்சாவில் ஒரு இத்தாலியச் சின்யோரா வீட்டில் பதினொரு வருடம் தரை துடைத்து, "ஸீ, சின்யோரா", சரி அம்மா, என்று சொல்லிச் சொல்லியே அவன் நாக்கு அப்படிப் பழகிவிட்டது. கேட்கமுன்பே செய்து வைப்பதுதான் நல்ல வேலை என்று வேறு பெருமையடிப்பான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை போன் எடுத்தான்.

"மச்சான், கராஜ் கதவின்ரை ஸ்பிறிங் உடைஞ்சு போச்சு. மாத்தித் தரச் சொல்லிச் சின்யோரா கேக்கிறா. அடுத்த கிழமை என்ரை பெர்மெசோ புதுப்பிக்கோணும், இல்லாட்டி இந்த நாட்டிலை இருக்கேலாது. வேலைக் கடிதத்திலை அவதானே கையெழுத்து வைக்கிறது."

பிரான்காச்சோவில் கதவுப் பட்டறையில் பதினான்கு வருடமாக நான் செய்கிற வேலை அது. பொறுமையாகத்தான் சொன்னேன்.

"ரெண்டு ஸ்பிறிங்கிலை ஒண்டுதான் உடைஞ்சிருக்கு. மற்றது கதவுக்கு மேலை இன்னும் முறுகினபடி நிக்குது. ரெண்டு இரும்புக் கம்பியை அதின்ரை ஓட்டையளுக்கை மாறி மாறிக் குடுத்து, கொஞ்சம் கொஞ்சமாத் தளர்த்தோணும். நான் கம்பியோடை வாறன். அதுவரைக்கும் அதைப் பிடிச்சு வைச்சிருக்கிற ஒரு திருகாணியும் தொடாதை."

"ஓம், மச்சான்."

பஸ் முக்கால் மணி நேரம் பிந்தியது. நான் போனபோது அவன் கராஜ் தரையில் இருந்தான், வலது கையில் துவாய் சுற்றியபடி. துவாய் முழுக்க இரத்தம். ஏணிக்கடியில் ஒரு ஸ்குரூட்றைவர் வளைந்து கிடந்தது. 'இன்னும் தொடங்கவில்லையா?' என்று சின்யோரா எட்டிப் பார்த்துக் கேட்டாளாம். நான் வரமுன் திருகாணிகளையாவது கழற்றி வைப்போம் என்று இந்த மடையன் ஏணியில் ஏறியிருக்கிறான். முறுகி நின்ற ஸ்பிறிங் ஒரே வீச்சில் விடுபட்டு இரண்டு விரல்களைக் கொண்டுபோய்விட்டது.

ஆஸ்பத்திரி நடையில் சின்யோரா எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். அழுதிருந்தாள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"உன் வீட்டில் நடந்தது என்று சொல். என் வீட்டில் என்றால் விசாரிக்க வருவார்கள். பிறகு நான் எப்படிக் கையெழுத்து வைப்பது?"

எழுந்து ஏர்னஸ்றிடம் போனேன்.

"நடந்ததை நடந்தபடி சொல்லப்போறன்."

"வேண்டாம், மச்சான். பிள்ளையளின்ரை பெர்மெசோவும் என்ரையோடைதான் கிடக்கு."

பதினொரு வருடத்தில் அவன் மறுத்தது அன்றைக்குத்தான். அதுவும் என்னிடம்.

நான் நடைக்குத் திரும்பி வந்து இருந்ததும் வைத்தியர் வெளியே வந்து, எங்கே நடந்தது என்று கேட்டார்.

"என் வீட்டில்," என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இது தெரிந்தவர்கள் தொட வேண்டிய பொருள். அதுகூடத் தெரியாதா உனக்கு?"

என் மடியில் இருந்த பையிலிருந்து அந்த இரண்டு கம்பிகளும் நீட்டிக்கொண்டு தெரிந்தன. பையின் வாயைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியாது," என்றேன்.