வலதுபக்கத் தகடு

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறைக்குள் போனபோது, குட்டி ஃப்ரிட்ஜின் மேல் என் புருஷன் க்ளெம்மின் டீக்கோப்பை இருந்தது. கழுவிவைக்கலாம் என்று எடுத்தேன். அடியில் ஒரு இரும்புத் தகடு. கறுப்புப் பெயின்ட், மூன்று துளை, எட்டு மில்லிமீட்டர் கனம், மூலையில் சாக்கட்டியால் 'வலது' என்று என் எழுத்து. வியாழக்கிழமை நானே அறுத்துத் துளைபோட்டது. இரண்டு செய்திருந்தேன். இரண்டையுமே சனிக்கிழமை க்ளெம் க்ளெனிஸின் வண்டிக்குள் மாட்டியிருக்க வேண்டும்.

அப்படியென்றால் ஒரு பக்கம் தகடு இல்லாமலே வண்டி போயிருக்கிறது.

க்ளெனிஸ் டாரன்ட் எங்கள் ஊர்ப் பள்ளி பஸ்ஸை இருபது வருஷம் ஓட்டியவள். ஓய்வு பெற்றதும் கடற்கரையில் மீன் பிடிக்கவென்றே ஒரு வண்டி வாங்கினாள். நாலு சக்கரமும் இழுக்கும், பார்க்கவும் முரட்டு வண்டிதான். ஆனால் அடியில் சட்டம் கிடையாது. க்ளெம் ஓட்டுகிற பழைய வண்டியில் ஏணி மாதிரி கெட்டிச் சட்டம் இருக்கிறது, அதில் எங்கே கொக்கி போட்டாலும் தாங்கும். க்ளெனிஸின் வண்டிக்கு உடம்பேதான் சட்டம். மெல்லிய தகட்டைப் பெட்டியாக மடித்திருப்பார்கள், உள்ளே வெறும் காற்று. வாங்கும்போது முன்னால் இருக்கிற வளையம், கப்பலில் ஏற்றி வரும்போது வண்டி நகராமல் கட்டிவைப்பதற்கு. அதில் மாட்டி மணலிலிருந்து இழுத்தால் வளையம் வரும், வண்டி வராது.

அதனால்தான் முன்பக்கம் இரண்டு இழுவைப்பிடி வைத்துத் தரச் சொன்னாள். அதற்கு ஒரு முறை உண்டு. வெல்டிங் கூடாது, சூடு பட்டால் அந்தத் தகட்டின் பலமே போய்விடும். போல்ட்தான். முறுக்கும்போது பெட்டி நசுங்காமலிருக்க உள்ளே குழல்துண்டு. இழுவை ஒரே துளையில் விழாமல் பரவுவதற்கு, பெட்டிக்கு உள்பக்கமாக இந்தக் கனத்த தகடு. தகடு இல்லையென்றால் அந்தப் போல்ட் தாளைக் கிழிக்கிற மாதிரி கிழித்துக்கொண்டு வரும். பம்பரை மூடிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பிறகு நான் எதை நம்பி வண்டியை அனுப்பினேன்? க்ளெம் இழுத்த மஞ்சள் கோடுகளை. க்ளெம் ஒரு போல்ட்டை அளவுப்படி முறுக்கி முடித்ததும், போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுப்பான். வேலை முடிந்தது, தளர்ந்தால் கோடு காட்டிக்கொடுக்கும் என்று அர்த்தம். பட்டறை வைத்த இந்த முப்பத்தொரு வருஷத்தில் முடியாத வேலைக்கு அவன் கோடு இழுத்ததில்லை. சனிக்கிழமை சாயங்காலம் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆறு போல்ட், ஆறு கோடு. சரி, போய் மீன் பிடி என்று க்ளெனிஸிடம் சாவியைக் கொடுத்துவிட்டேன். முட்டாள், முட்டாள், முட்டாள்! அவன் புத்தி நழுவிக்கொண்டிருப்பது தெரிந்த ஒரே ஆள் நான். நானே அவன் கோட்டை நம்பினேன்.

பிப்ரவரியில் மவுன்ட் கேம்பியர் ஆஸ்பத்திரி டாக்டர் அந்த மறதி வியாதியின் பேரைச் சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் க்ளெம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தான். ஊர் எல்லை வந்ததும்தான் வாயைத் திறந்தான்.

"யார்கிட்டயும் சொல்லாத ரே. பாவம் க்ளெம்னு ஒருத்தன் சொல்லிட்டா அப்புறம் எவனும் எங்கிட்ட வண்டி விட மாட்டான். ஸ்பேனர புடுங்கிட்டா நான் யாரு, சொல்லு?"

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் இருந்தவர்கள் நாங்கள், அவன் என்னிடம் அதிகமாக எதுவும் கேட்டவனில்லை. அன்றிலிருந்து அவன் செய்த வேலையையெல்லாம் அவனுக்குத் தெரியாமல் பின்னாலேயே போய்ச் சரிபார்த்தேன். இதை மட்டும் திறந்து பார்க்கவில்லை.

தகடும் கையுமாக நான் நின்றுகொண்டிருந்தபோது, அலமாரியிலிருந்த, வண்டிகளோடு பேசுகிற ரேடியோவில் கர்ட் ஷிர்மரின் குரல் கேட்டது. கடற்கரைக்குப் போகிற வண்டிகள் எல்லாம் ஒரே சானலில்தான் பேசும். கர்ட் நண்டுப் படகுக்காரன், மூன்று டன் வண்டி வைத்திருப்பவன்.

"க்ளெனிஸ், மூணு வரைக்கும் எண்ணறேன். ஸ்டியரிங்க நேரா புடி."

"பஸ் ஓட்டுனவளுக்கு ஸ்டியரிங் புடிக்கச் சொல்லித் தரியாக்கும்? சீக்கிரம் இழுடா, தண்ணி டயருக்கு வந்துருச்சு!"

"ஒரு பெட்டி பீர். ஞாபகம் வச்சுக்க."

"மொதல்ல வெளிய எடு. அப்புறம் குடிச்சுக்கலாம்."

புதைந்த வண்டியை இழுக்கும் பட்டை ரப்பர் மாதிரி நீளக்கூடியது. முன்னாலிருக்கும் வண்டி ஓட்டமாக ஓடும், பட்டை நீண்டு சுருங்குகிற வேகத்தில் பின்வண்டியைப் பிடுங்கி எடுக்கும். அந்த நேரத்தில் பிடி கழன்றால், இரண்டு கிலோ இரும்பு நேராக முன்வண்டியின் பின்கண்ணாடிக்குப் போகும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கர்ட்டின் தலை.

மைக்கைப் பிடித்துக் கத்தினேன். "கர்ட், இழுக்காத! ரே பேசறேன், இழுக்காத!" இந்த ரேடியோவில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒன்றும் போய்ச்சேராது. வேறு யாரோ மீன் எங்கே கடிக்கிறது என்று கதையளந்துகொண்டிருந்தான். இன்னொரு தடவை கத்தினேன். இரைச்சல்தான் வந்தது. கடவுளே, அந்தக் கொஞ்ச நேரத்தில் கர்ட்டின் மனைவியிடம் போய் என்ன சொல்வேன் என்றுகூட யோசித்துவிட்டேன்.

மூன்றாவது தடவைக்கு அவன் குரல் வந்தது. "என்ன ரே? கால் பெடல்ல இருக்கு, சீக்கிரம் சொல்லு."

"பட்டையக் கழட்டு. அந்தப் பிடி தாங்காது. வலதுபக்கம் உள்ளுக்குள்ள தகடே இல்ல. பிச்சுக்கிட்டு வந்து உன் மண்டையிலதான் விழும்."

"இடதுபக்கம் மட்டும் மாட்டி இழுக்கவா?"

"ஒத்தப் பக்கம் முழு இழுவையும் விழுந்தா அதுவும் கிழியும்டா! இழுக்கவே வேணாம். எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லு. மண்வெட்டியால தோண்டுங்க, டயருக்குப் பலகை குடுங்க, காத்த இன்னும் எறக்குங்க."

கர்ட் எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லிக் கத்துவது கேட்டது. பிறகு அவன் கேட்டான். "யாரு மாட்டுனது? க்ளெம்மா?"

கடற்கரையில் நிற்கிற அத்தனை வண்டியிலும் ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும். பாதி ஊர் கேட்டுக்கொண்டிருக்கும். நான் யோசிக்கவில்லை.

"நான்தான் மாட்டுனேன். மறந்துட்டேன்."

"மறந்துட்டியா? என்ன ரே இது, சூப்புக்கு உப்புப் போட மறக்கற மாதிரியா சொல்ற!"

பட்டையைக் கழற்றிவிட்டான். பத்துப் பேர் சேர்ந்து முக்கால் மணி நேரம் தோண்டினார்கள். கடல் விடவில்லை, பத்தரைக்கு அலை கதவைத் தாண்டி இருக்கைக்கு ஏறிவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகுதான் வண்டியை வெளியே எடுக்க முடிந்தது. உப்புத்தண்ணீர் ஒயரிங்குக்குள் போன வண்டி செத்த வண்டிதான். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் நிம்மதி வரவில்லை.

சாயங்காலம் நான்கு மணிக்கு அந்த வண்டியை லாரியில் ஏற்றி எங்கள் வாசலுக்கே கொண்டுவந்து இறக்கினார்கள். கர்ட், அவன் படகில் வேலை செய்கிற இரண்டு பேர், முழங்கால் வரை நனைந்த பேன்ட்டோடு க்ளெனிஸ். அவள் அழுது முடித்திருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். "உயிரோட இருக்கமே, விடு" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்த க்ளெம் சத்தம் கேட்டு வெளியே வந்தான். காலையில் நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது.

"என்னாச்சு?"

கர்ட் சொன்னான். "உன் பொண்டாட்டி ஒரு பக்கம் தகடு வைக்க மறந்துட்டா க்ளெம். நல்ல வேளை, இழுக்கறதுக்கு முன்னாடி ரேடியோல சொன்னா. இல்லன்னா இந்நேரம் எனக்குச் சவப்பெட்டி அடிச்சிருப்பீங்க."

க்ளெம் நேராக வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான். பம்பரைக் கழற்றி, கையை உள்ளே விட்டுத் தடவினான். அந்தக் கை எதையும் மறக்கவில்லை. கால் மணி நேரத்தில் எழுந்து வந்துவிட்டான்.

"இடதுபக்கம் தகடு இருக்கு. வலதுபக்கம் வெறும் வாஷர். இது கொலகாரன் செய்யற வேல." என்னைப் பார்த்தான். "எப்படி ரே மறந்த? என்ன யோசனைல இருந்த? முப்பத்தொரு வருஷமா இந்த வாசல விட்டு இப்படி ஒரு வண்டி போனதில்ல."

என் பொய்யைக் காப்பாற்ற ஊர் முன்னால் நடிக்கிறானோ என்று அவன் கண்ணையே பார்த்தேன். நடிக்கவில்லை. உண்மையிலேயே என்மேல் கோபம். பத்து மாசமாக இவ்வளவு தெளிவாக நான் அவனைப் பார்த்ததில்லை. முதுகு நிமிர்ந்திருந்தது, பழைய க்ளெம்மாக நின்றான். அடப்பாவி, எவ்வளவு அழகாக இருந்தான் தெரியுமா?

"திட்டாத க்ளெம்," என்றாள் க்ளெனிஸ். "அவளே வாய்விட்டுச் சொல்லிட்டாளே."

"சொன்னா ஆச்சா? இனிமே என் கண்ணுல படாம ஒரு போல்ட்கூட இங்கேருந்து போகக் கூடாது. கேட்டுக்க ரே."

"கேட்டுக்கிட்டேன்," என்றேன். அதோடு முடிந்திருந்தால் அந்தத் திட்டைக் காலம் முழுக்க வாங்கிக்கொண்டிருந்திருப்பேன். எனக்கு அது ஒரு பாரமே இல்லை.

கர்ட் க்ளெம்மின் தோளில் தட்டினான். "அப்ப புதன்கிழம என் மக வண்டியக் கொண்டாறேன். அதுவும் இதே மாதிரி சட்டம் இல்லாத வண்டிதான், ரெண்டு பக்கமும் பிடி வைக்கணும். சின்னப் புள்ளைங்க ரெண்டையும் ஏத்திக்கிட்டுத்தான் அவ பீச்சுக்குப் போவா. தப்பா நெனச்சுக்காத ரே, ஆனா க்ளெம் ஒருத்தன்தான் அதுல கை வைக்கணும். ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும் அவனேதான். நீ கிட்ட வரக் கூடாது."

"கொண்டா, கொண்டா," என்றான் க்ளெம். முகமெல்லாம் சிரிப்பு. "நான் பாத்துக்கறேன். கோடு போட்டுத் தரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். க்ளெனிஸ்கூடச் சிரித்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் பார்த்தேன். புதன்கிழமை எப்படியாவது பின்னாலேயே போய்ப் பார்த்துவிடலாம், ராத்திரியில் திறந்து பார்க்கலாம் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். பின்னாலேயே போய்ப் பார்த்த லட்சணம்தான் உப்புத்தண்ணீர் சொட்டச் சொட்ட எதிரில் நின்றதே!

"கொண்டு வராத கர்ட்," என்றேன்.

"ஏன்?"

"காலைல ரேடியோல சொன்னது பொய். அந்தப் பிடிய மாட்டுனது நான் இல்ல."

கர்ட்டின் சிரிப்பு நின்றது. அவன் க்ளெம்மைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். க்ளெனிஸ் வாயில் கையை வைத்துக்கொண்டாள். அவர்களுக்கு அதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நீ இல்லன்னா அப்புறம் யாரு ரே?" என்றான் க்ளெம். கோபம் இன்னும் அடங்கவில்லை அவனுக்கு. "யாரு மாட்டுனான்னு சொல்லு, நான் பேசிக்கறேன் அவன்கிட்ட."

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீதான் க்ளெம்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்.